பழைய மலைப் படங்களும் மலைச் சுற்றுலாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டில் எடுத்த மலைப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, மாணவர்களுக்கும் மலைப் பயணம் போகிற நண்பர்களுக்கும் காட்டிப் பேசுவது என் வழக்கம். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றிய பேச்சுதான். இமயமலையும் நீலகிரியும் நடுநடுவே வரும்.

முதன்முதலில் மலையை போட்டோ எடுத்தது யாருங்க?

ஒரே ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாது. 1839-ல் பாரிசில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பிடிக்கும் முறை அது. 1840களிலேயே சிலர் அந்தப் பெட்டியோடு ஆல்ப்ஸுக்குப் போய்விட்டார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஜிரோ த பிராங்ழே அவர்களில் ஒருவர். இங்கிலாந்தின் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-ல் தன் பணியாளரின் உதவியோடு மாட்டர்ஹார்ன் சிகரத்தைப் படம் பிடித்தார். அந்த மலையைச் சூரிய ஒளியால் வரைந்த முதல் ஆள் தான்தான் என்பதில் அவருக்குப் பெருமை.

யார் முதல் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டாகேரின் முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு படம்தான். நகல் எடுக்க வழியில்லை. அதனால் அந்தப் படங்கள் எடுத்தவர் வீட்டு அலமாரியிலேயே தங்கின. நெகடிவிலிருந்து காகிதத்தில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்று ஆன பிறகுதான் மலைப் படம் கடைக்கு வந்தது.

அதுக்கு முன்னாடி யாரும் மலைக்குச் சுற்றுலா போகலையா?

போனார்கள். 1741-ல் விண்டம், போக்கோக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஜெனீவாவிலிருந்து ஷாமொனி பள்ளத்தாக்குக்குப் போய், அங்கிருந்த பெரிய பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள். அலையடிக்கும் ஏரி சட்டென்று உறைந்துபோனதைப் போல இருந்தது என்ற அவர்களின் வர்ணனையிலிருந்துதான் ‘பனிக்கடல்’ என்று பொருள்படும் மேர் த கிளாஸ் என்ற பெயர் நிலைத்தது. 1760-ல் ஜெனீவா அறிஞர் சோசூர், ஷாமொனிக்கு மேலே நிற்கும், ஆல்ப்ஸின் மிக உயரமான மோன் பிளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8 அன்று ஜாக் பல்மாவும் மருத்துவர் பக்கார்டும் ஏறி முடித்தார்கள். 1821-லேயே ஷாமொனியில் மலை வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் வந்துவிட்டது. சங்கம் வைக்கிற அளவுக்கு வருமானம் இருந்தது என்றால் வந்துபோனவர்கள் குறைவில்லை.

ஆனால் வந்தவர்கள் வசதியானவர்கள். ஊர் திரும்பும்போது கையால் வண்ணம் தீட்டிய செதுக்கோவியம் ஒன்றை வாங்கிப் போவார்கள். ஓவியர் மலையைக் கொஞ்சம் செங்குத்தாக்குவார், பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்குவார். பார்ப்பவர் நடுங்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கேமராவை மலை மேல தூக்கிட்டுப் போறதுல அப்படி என்ன கஷ்டம்?

கேமரா மட்டும் என்றால் பரவாயில்லை. இருட்டறையையே தூக்கிப் போக வேண்டியிருந்தது.

1851-ல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரத் தகடு முறையை வெளியிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசின் மாதிரியான திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். கூடாரத்துக்குள் போய் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படம் எடுத்து, உடனே ஓடிவந்து உருத்துலக்க வேண்டும், அதாவது ரசாயனத்தால் படத்தைத் தெரியவைக்க வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கையில் இருக்கும். காய்ந்துவிட்டால் தகடு வீண்.

இப்போது இதையே பனி மலையில் செய்வதாக நினைத்துப் பாருங்கள். கொலோடியனில் ஈதர் இருக்கிறது. அது சட்டென்று ஆவியாகும். கூடாரத்துக்குள் அந்த நெடி தலையைச் சுற்ற வைக்கும். கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், அங்கே இருப்பதோ பனிக்கட்டி. விளக்கு வைத்து உருக்க வேண்டும். விரல் மரத்துப்போயிருக்கும்போது கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து, திரவம் வழியாமல் பரப்ப வேண்டும். காற்று ஒரு தூசியைக் கொண்டுவந்து ஒட்டினாலும் அது படத்தில் புள்ளியாக நிற்கும். இத்தனையும் தாண்டி நமக்குக் கிடைத்திருக்கும் படங்களின் துல்லியத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

சின்ன கேமராவில் எடுத்து, அப்புறம் பெரிதாக்கியிருக்கலாமே?

அன்றைக்குப் பெரிதாக்குவது சுலபமான வேலை இல்லை. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளை நெகடிவோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்டித்தான் படம் போட்டார்கள். நெகடிவ் எந்த அளவோ அதே அளவுதான் படம். சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் வேண்டுமென்றால் அந்த அளவுக்குக் கண்ணாடியும், அது கொள்ளும் கேமராவும் மலையேற வேண்டும். வேறு வழியில்லை.

மோன் பிளாங் உச்சியிலிருந்து முதல் படம் எடுத்தது எப்போ?

1861 ஜூலையில். எடுத்தவர் ஒகுஸ்த் ரொசாலி பிஸ்ஸோன். இவரும் அண்ணன் லூயி ஒகுஸ்தும் பாரிசில் ஸ்டூடியோ நடத்தியவர்கள். கட்டடங்களையும் ஓவியங்களையும் படம் எடுப்பதில் பேர் வாங்கியவர்கள். அதற்கு முன் 1859-லும் 1860-லும் ஏற முயன்று, வானிலை கைகொடுக்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் முறை 25 சுமைதூக்கிகளோடும், ஒகுஸ்த் பல்மா என்ற வழிகாட்டியோடும் போனார். (1786-ல் ஏறிய ஜாக் பல்மா வேறு, இவர் வேறு. இந்த இரண்டு பேரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 4,800 மீட்டருக்கு மேல் கூடாரம் அடித்து, பனியை உருக்கி, மேலே மூன்று நெகடிவ் எடுக்க முடிந்தது. மூன்றே மூன்று.

காலத்தையும் கவனியுங்கள். ஷாமொனி இருக்கும் சவாய் பகுதி பிரான்ஸோடு சேர்ந்தது 1860-ல். அதே ஆண்டு பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மனைவியோடு அங்கே வந்து பனியாற்றில் நடந்தார். அந்தப் பயணத்தின் நினைவாக பிஸ்ஸோன் சகோதரர்கள் ஒரு ஆல்பமே வெளியிட்டார்கள். புதிதாகக் கிடைத்த மலையை நாட்டுக்குக் காட்ட வேண்டும் என்று அரசுக்கு ஆசை. அதைச் செய்யும் திறமை இவர்களிடம் இருந்தது. இருந்தும் சில ஆண்டுகளில் தொழில் நொடித்து, ஸ்டூடியோவை விற்க வேண்டி வந்தது. சந்தை அதற்குள் சின்ன, மலிவான படங்களுக்கு மாறியிருந்தது.

அந்தச் சுமைதூக்கிகளோட பேர் எங்கேயாவது இருக்கா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும், பதில் சொல்லும்போது கஷ்டமாக இருக்கும். வழிகாட்டிகளில் சிலருடைய பெயர் பதிவாகியிருக்கிறது. சுமை தூக்கியவர்கள் ‘25 பேர்’ என்ற எண்ணாகத்தான் நிற்கிறார்கள்.

இமயமலையில் நிலைமை இன்னும் மோசம். 1863-ல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன், அந்த ஆண்டே சிம்லாவிலிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்கு வழியாக ஏறினார். கூட சுமார் 30 கூலிகள். 1864-ல் காஷ்மீர். 1866-ல் கங்கையின் மூலத்தை நோக்கிய பயணத்தில் கூலிகளின் எண்ணிக்கை இன்னும் பெரியது. அந்தப் பயணத்தில் 18,600 அடி உயரமுள்ள மணிருங் கணவாயில் அவர் எடுத்த படங்கள், உயரத்தில் பல ஆண்டுகள் யாராலும் மிஞ்சப்படவில்லை. லண்டன் புகைப்பட இதழுக்கு அவர் எழுதிய கட்டுரைகளில், சுமையைப் போட்டுவிட்டுப் போன கூலிகளைப் பற்றி எரிச்சலோடு எழுதுகிறார். அடித்ததையும் மறைக்கவில்லை. மலைக் கிராமத்து மனிதர்கள் தங்கள் வயல் வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சரியான செருப்பும் உடுப்பும் இல்லாமல் பனியில் நின்றால் ஏன் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள்? போர்னின் படங்கள் அழகானவை. அந்த அழகில் பாதி அவர்களுடைய முதுகில் ஏறி வந்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்.

வானம் ஏன் வெறும் வெள்ளையா இருக்கு? மேகமே இல்லையா?

மேகம் இருந்திருக்கும், தகடுதான் பார்க்கவில்லை. ஈரத் தகடு நீல ஒளிக்கு மிக வேகமாகவும், பச்சைக்கும் சிவப்புக்கும் மிக மெதுவாகவும் பதிலளிக்கும். கீழே இருக்கும் பைன் காடு பதியும்வரை திறந்து வைத்தால், அதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும். அச்சில் வெள்ளையாக விழும். சிலர் மேகத்துக்கென்று தனி நெகடிவ் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார்கள்.

மலைக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பனியும் வெள்ளை, வானமும் வெள்ளை. சிகரத்தின் விளிம்பே காணாமல் போய்விடும். அதனால் நெகடிவில் வானப் பகுதியை மையால் தீட்டிச் சீராக்குவது சாதாரணமாக நடந்தது. பழைய படத்தில் சிகரக் கோடு கத்தியால் வெட்டினாற்போல் தெரிந்தால், அங்கே ஒரு தூரிகை ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

பனிப்பிளவு ஓரத்தில் வரிசையா நிக்கிறாங்களே, நிஜமாவே ஏறிக்கிட்டிருந்தவங்களா?

நிஜமான வழிகாட்டிகள், நிஜமான பனிப்பிளவு. ஆனால் நிற்கச் சொல்லித்தான் நின்றார்கள். நகர்ந்தால் படம் கலங்கிவிடும். ஆள் இல்லாமல் எடுத்தால் அந்தப் பிளவு பத்தடியா நூறடியா என்று பாரிசில் இருப்பவருக்குப் புரியாது. எறும்பு அளவுக்கு ஒரு மனிதர் நின்றால்தான் மலை மலையாகத் தெரியும். மேலே சொன்ன, பேர் தெரியாத ஆட்கள் பலரை நாம் முகத்தோடு பார்ப்பது இப்படித்தான்.

ஸ்டீரியோ படம்னு சொல்றீங்களே, அது என்ன?

ஒரே காட்சியின் இரண்டு சின்னப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய அட்டை. இரட்டை லென்ஸ் கருவியில் வைத்துப் பார்த்தால் ஆழம் தெரியும். 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகு இது வீட்டுக்கு வீடு பரவியது. வில்லியம் இங்கிலாந்து என்பவர் 1860களில் சுவிட்சர்லாந்து, சவாய் காட்சிகளை மலையேறிகளின் சங்கமான லண்டன் ஆல்பைன் கிளப்பின் ஆதரவோடு வரிசையாக வெளியிட்டார். அல்சாஸில் அடால்ப் பிரவுன் இதை ஒரு தொழிற்சாலை போலவே நடத்தினார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் இரு கண்களுக்கும் இடையே ஆறேழு சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளியில் எடுத்தால் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிகரத்துக்கு ஆழமே தெரியாது, தட்டையாக இருக்கும். அதனால் கிட்டத்தில் ஒரு பாறை, வேலி, மரக்கிளை, தடியோடு நிற்கும் ஆள் என்று எதையாவது வைத்தார்கள். அல்லது கேமராவை நன்றாகத் தள்ளிவைத்து இரண்டாம் படத்தை எடுத்தார்கள். இன்றைக்கும் மலைப் படத்தில் முன்னால் ஒரு பூச்செடியோ மரப்பலகையோ வைத்து எடுக்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கேதான் பலருக்குக் கையில் படிந்தது என்பது என் எண்ணம்.

அப்போ போட்டோ பார்த்துத்தான் ஜனங்க மலைக்குக் கிளம்பினாங்கன்னு சொல்லலாமா?

அப்படி நேராகச் சொல்லமாட்டேன். ரயில் இல்லாமல் இது நடந்திருக்காது. விடுமுறையும் கையில் கொஞ்சம் காசும் உள்ள நடுத்தர வர்க்கம் உருவானதும் சேர்ந்த கதை இது. விளம்பரத்தில்கூட முதல் இடம் புகைப்படத்துக்கு இல்லை. 1851-ல் மோன் பிளாங் ஏறிய ஆல்பர்ட் ஸ்மித், அடுத்த ஆண்டு லண்டனில் அதை ஒரு மேடை நிகழ்ச்சியாக்கினார். ஆறு ஆண்டுகள் கூட்டம் குறையவில்லை. அங்கே பின்னால் நகர்ந்தது கையால் வரைந்த திரை, புகைப்படம் இல்லை. 1857-ல் ஆல்பைன் கிளப் வந்தது. 1863-ல் பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் முதல் சுவிஸ் குழுப் பயணத்தை அழைத்துப் போனார்.

சரி, அப்படியானால் புகைப்படம் செய்தது என்ன? எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. ஒரு மலையை ஆயிரம் இடத்திலிருந்து பார்க்கலாம். கனமான பெட்டியோடு வந்தவர், கூடாரம் அடிக்க இடமும் தண்ணீரும் கோவேறு கழுதைப் பாதையும் உள்ள ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்துப் படம் ஏராளமாக விற்றது. வந்தவர்கள் அந்தப் படத்தைத் தேடினார்கள். அங்கே ஒரு திண்ணை வந்தது, பிறகு காபிக் கடை, ஹோட்டல், கடைசியில் ரயில் நிலையம். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள்: 1871-ல் ரிகி, 1889-ல் பிலாட்டஸ், 1898-ல் கோர்னர்கிராட். எல்லாமே காட்சிமுனைகள். ஊர்களை இணைக்கப் போட்ட பாதைகள் அல்ல.

மாட்டர்ஹார்ன் விபத்துக்கப்புறம் பயந்துபோய்க் கூட்டம் குறையலையா?

கூடத்தான் செய்தது. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உட்பட ஏழு பேர் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். பிழைத்தவர்கள் விம்பரும், மலையடிவாரக் கிராமமான செர்மாட்டைச் சேர்ந்த தவுக்வால்டர் அப்பாவும் மகனும். ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகள் கொதித்தன. அதுவரை பலருக்குத் தெரியாத செர்மாட் கிராமம் எல்லோர் வாயிலும் விழுந்தது.

விபத்துக்குப் புகைப்படம் கிடையாது. மலைக்கு இருந்தது. அந்த வளைந்த கொம்பு போன்ற சிகரத்தின் படத்தை வாங்கி, எங்கே விழுந்தார்கள் என்று விரல் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் நேரிலும் பார்க்க வந்தார்கள்.

பெண்கள் போகவே இல்லையா? படத்தில் அதிகம் காணோமே.

போனார்கள். மாரி பாரடிஸ் 1808-லும், ஆன்ரியெத் தாஞ்செவில் 1838-லும் மோன் பிளாங் உச்சியில் நின்றார்கள். மேலே சொன்ன 1863 குழுவில் ஜெமைமா மோரல் என்ற பெண் விரிந்த நீளப் பாவாடையோடு பனியாற்றைக் கடந்து, தினமும் நாட்குறிப்பும் எழுதினார். அந்தப் பயணம் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர் எழுதிவைத்ததுதான்.

கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களும் உண்டு. அயர்லாந்தில் வளர்ந்த எலிசபெத் லெ பிளாண்ட் குளிர்காலத்தில் மலையேறி, பனியைப் படம் எடுத்து, அதை எப்படி எடுப்பது என்றும் எழுதினார். 1907-ல் பெண்களுக்கான ஆல்பைன் கிளப் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

விட்டோரியோ செல்லாவை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுறீங்க?

ஏனென்றால் இந்த மலைப் புகைப்படக்காரர் ஈரத் தகடு, உலர் தகடு என்ற இரண்டு காலத்தையும் பார்த்தவர். 1859-ல் இத்தாலியின் பியெல்லாவில் பிறந்தார். அப்பா புகைப்படக் கலை பற்றி நூல் எழுதியவர். சித்தப்பா குவின்டினோ, இத்தாலிய ஆல்பைன் கிளப்பை நிறுவியவர். 1879-ல் ஈரத் தகட்டோடுதான் முதல் மலைப் பரப்புக் காட்சியை எடுத்தார். அதே சமயத்தில் உலர் தகடு கடைக்கு வந்துவிட்டது. தொழிற்சாலையிலேயே பூசிக் காயவைத்த தகடு. எடுத்துவிட்டு வாரக்கணக்கில் கழித்துக்கூட ஊரில் உருத்துலக்கலாம். கூடாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

சுமை குறைந்ததும் மற்றவர்கள் சின்ன கேமராவுக்குப் போனார்கள். செல்லா 30க்கு 40 சென்டிமீட்டர் கண்ணாடித் தகட்டை விடவில்லை. மிச்சப்பட்ட வலுவை உயரத்தில் செலவிட்டார். 1882-ல் மாட்டர்ஹார்னைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறினார். பிறகு காகசஸ், அலாஸ்கா, 1899-ல் கஞ்சன்ஜங்கா, 1906-ல் ஆப்பிரிக்காவின் ருவென்சோரி, 1909-ல் கே2 சிகரம். அந்த கே2 படங்களை வைத்துத்தான் பின்னால் வந்த மலையேறிகள் வழி தேடினார்கள்.

நம்ம ஊட்டிக்கும் இந்தக் கதையில பங்கு உண்டா?

உண்டு, ஆனால் வேறு மாதிரி. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மேலே போய்ப் பார்த்ததிலிருந்து தொடங்கி, வெள்ளை அதிகாரிகள் கோடை வெயிலுக்குத் தப்பவும் உடம்பு தேறவும் வந்த இடமாகத்தான் ஊட்டி வளர்ந்தது. அதனால் அங்கே எடுத்த பழைய படங்களில் இங்கிலாந்து போலத் தெரியும் ஏரி, தேவாலயம், பங்களா எல்லாம் முன்னால் நிற்கின்றன. சாமுவேல் போர்ன் அங்கேயும் வந்தார். ஏ.டி.டபிள்யூ. பென் என்பவர் ஊட்டியிலேயே ஸ்டூடியோ வைத்துப் பல ஆண்டுகள் படம் எடுத்தார். நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களும், மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளும் நிறையப் பதிவாயின. இங்கேயும் படத்தில் இருப்பவரின் பெயர் அபூர்வம்.

பல் சக்கர ரயில் 1899-ல் குன்னூர்வரையும், 1908-ல் ஊட்டிவரையும் வந்தது. அதுவரை மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டி, குதிரை, பல்லக்கு. ரிகி ரயிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது காட்சிமுனைக்குப் போட்டது. இது ஊருக்குப் போட்டது. காட்சி பார்க்க அதில் ஏறும் கூட்டம் பிறகுதான் வந்தது.

1890களின் சுவிஸ் கலர் படம் ஒண்ணு பார்த்தேன். அது நிஜக் கலரா?

இல்லை. சூரிச்சில் உருவான போட்டோகுரோம் முறை அது. கறுப்பு வெள்ளை நெகடிவை வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் அச்சு தயாரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். எந்த இடத்தில் என்ன நிறம் என்று முடிவுசெய்தவர் அச்சகத்துக் கலைஞர். மாலை நேரச் சிவப்புச் சிகரம் பெரும்பாலும் அவருடைய கைவண்ணம்.

பனியாறு எவ்வளவு உருகிடுச்சுன்னு காட்ட இந்தப் படங்களை நம்பலாமா?

நம்பலாம், கவனமாக. பிஸ்ஸோன் காலத்தில் ஆல்ப்ஸின் பனியாறுகள் மிகவும் பெருத்திருந்தன. சிறு பனிக்காலம் என்று சொல்லப்படும், சில நூற்றாண்டுகள் நீடித்த குளிர்ந்த காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. அதனால் ஒப்பிடத் தொடங்கும் புள்ளியே உயரமானது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சொன்ன பிறகும் உண்மை உறைக்கிறது. ஷாமொனிக்கு மேலே உள்ள மொந்தன்வேர் காட்சிமுனைக்கு 1909-ல் ரயில் வந்தபோது, நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே மேர் த கிளாஸ் கிடந்தது. இப்போது பனி நூறு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. 1988-ல் கேபிள் வண்டி போட்டபோது, அதிலிருந்து இறங்கியதும் கிட்டத்தட்ட பனியில் கால் வைக்க முடிந்தது. பனி இறங்க இறங்கப் படி கட்டினார்கள், பின்னால் அது 500 படிகளைத் தாண்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய படத்தில் கிட்டத்தில் இருக்கும் ஒரு பாறையையும், அதற்குப் பின்னால் தெரியும் ஒரு தூரச் சிகரத்தையும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் படத்தில் உள்ளபடியே ஒன்றையொன்று தொடும்வரை இடமோ வலமோ நகருங்கள். பிறகு இன்னொரு ஜோடியை வைத்து முன்னும் பின்னும் சரிசெய்யுங்கள். இரண்டும் பொருந்திவிட்டால், கூடாரத்தோடு அவர் நின்ற இடத்துக்கு ஓரிரு அடிக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். பழைய படம் கோடையில் எடுத்ததென்றால் நீங்களும் கோடையிலேயே போங்கள். குளிர்காலப் பனி எல்லாவற்றையும் மூடி ஏமாற்றிவிடும்.